கடைவாய்ப் பல்லில் ஒன்றுமில்லை

மார்ச் 10

துவைத்த துணியை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் வலித்தது. சும்மா வலி இல்லை. தாடையை யாரோ உள்ளேயிருந்து பிடித்து இழுப்பது போல ஒரு வலி. வாளியை வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. கீழே வந்து ஒரு கிராம்பைக் கடித்துக்கொண்டேன்.

இவரிடம் சொன்னேன். "வாய்வு" என்றார். மின்வாரியத்தில் இருந்தவரை யார் போன் செய்து கேட்டாலும் "மெயின் லைன்ல ஃபால்ட்" என்று ஒரே பதில் சொன்னவர். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு எங்கே வலித்தாலும் வாய்வு. கேள்வியைப் படிக்காமலே பதில் எழுதுகிற பிள்ளைகளைக் கண்டால் எனக்கு ஆகாது. கட்டிக்கொண்டதும் அப்படி ஒன்றைத்தான்.

மார்ச் 12

காலையில் குடிதண்ணீர் கேன்காரர் மாடி ஏற மாட்டேன் என்று கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். நானே தூக்கி வந்தேன். மறுபடியும் அதே பல். வியர்வை வேறு. மார்ச் மாதத்திலேயே திண்டுக்கல் இந்தக் கொதி கொதித்தால் மே மாதம் என்ன செய்வோம்?

"பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்துருவோம், மரகதம்" என்றார் இவர்.

எங்கள் குடும்பத்தில் யாரும் பல் டாக்டரிடம் போவதில்லை. அப்பாவும் பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கும் இப்படித்தான் பல்வலி வந்தது. செல்லப்பா டாக்டர் என்று எங்கள் தெருமுனையில் இருந்தார். எக்ஸ்ரே கிக்ஸ்ரே எதுவும் எடுக்காமல் பல்லைப் பிடுங்கிவிட்டார். இரண்டு நாள் கழித்து அப்பா சைக்கிளில் பள்ளிக்கூடத்து மேட்டில் ஏறும்போது விழுந்தார். எழுந்திருக்கவில்லை. பல்லோடு நரம்பும் அறுந்து தலைக்கு ஏறிவிட்டது என்று ஊரே சொன்னது. அண்ணன் போய் டாக்டருடைய போர்டை உடைத்துத் தெருவில் போட்டான். கொஞ்ச நாளில் அவர் ஊரை விட்டே போய்விட்டார். அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து. இப்போது எனக்கும் அதேதான்.

எக்ஸ்ரே எடுத்தால்தான் வாயைத் திறப்பேன் என்று இவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 14

பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு பல் டாக்டர். வயதானவர். உள்ளே ஒரு பெண் கனமான அங்கியை என் மேல் போட்டுவிட்டு, "கர்ப்பமா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டாள். தலை நரைத்தவளிடம்! எல்லாரிடமும் கேட்க வேண்டுமாம். கடைவாயில் ஒரு சின்னத் தகட்டை வைத்து, விரலால் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். குமட்டிக்கொண்டு வந்தது. ஒரு 'டிக்' சத்தம், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் திரையில் என் பல்லைப் பார்த்தேன். வேர் இரண்டும் கீழே நீட்டிக்கொண்டு, கால் நீட்டி உட்கார்ந்த ஆள் மாதிரி இருந்தது. டாக்டர் கம்பியால் தட்டினார். வலிக்கவில்லை. ஜில்லென்று எதையோ தொட்டு வைத்தார். கூசியது, வலிக்கவில்லை.

"பல்லு நல்லா இருக்குங்களே. சொத்தை இல்ல, வேர்ல சீழ் இல்ல, ஒண்ணுமே இல்ல." பிறகு என் சீட்டைப் பார்த்தார். "ஓ, டீச்சரா? எலெக்‌ஷன் டியூட்டி ஆர்டர் வந்துருச்சாக்கும்?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

"சர்டிஃபிகேட் எல்லாம் நான் குடுக்கறதில்லைங்க. போன எலெக்‌ஷனுக்குப் பதினஞ்சு டீச்சர் வந்தாங்க. எல்லாருக்கும் கடைவாய்ப் பல்லுதான்" என்று சிரித்தார்.

தேர்தல் வந்தால் ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு முதுகுவலி வருவது ஊரறிந்த விஷயம்தான். ஆனால் நான் இத்தனை தேர்தலில் ஒன்றுக்குக்கூட மட்டம் போட்டதில்லை. அதை இந்த டாக்டரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மார்ச் 15

டியூட்டி ஆர்டர் இன்றைக்குத்தான் வந்தது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். அந்த டாக்டரின் வாய்முகூர்த்தம்!

மார்ச் 19

பேருந்து கிளம்பிவிட்டது என்று ஓடிப்போய் ஏறினேன். உட்கார இடம் கிடைக்கும்வரை தாடையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பள்ளிக்கூடம் வந்து சேர்வதற்குள் சரியாகிவிட்டது. மதியம் வேண்டுமென்றே இடது பக்கம் வைத்து முறுக்குக் கடித்துப் பார்த்தேன். கல் மாதிரி முறுக்கு. ஒன்றும் செய்யவில்லை. இது என்ன பல்? முறுக்குக்கு வலிக்காத பல் பேருந்துக்கு ஏன் வலிக்கிறது?

தமிழ் எடுக்கிற ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, எக்ஸ்ரே இருக்குல்ல, அதை வெச்சுக் கலெக்டர் ஆபீஸ்ல ஒரு மனு குடுத்துப் பாருங்களேன்."

"அதுல ஒண்ணும் இல்லைன்னு வந்துருச்சு."

"அவங்களுக்கு என்னக்கா தெரியும்? கருப்பு வெள்ளையா ஒரு படம் இருந்தாப் போதாதா?"

இவளும் என்னை அப்படித்தான் நினைத்திருக்கிறாள். நல்ல பெண் என்று நினைத்திருந்தேன். நல்ல பெண்தான், அதுதான் இன்னும் கோபம்.

மார்ச் 22

முதல் பயிற்சி வகுப்பு. ஒரு கல்லூரியில், இரண்டாம் மாடியில். லிஃப்டில் அதிகாரிகள் மட்டும் போகலாமாம். படியேறிப் போய் உட்கார்ந்தபோது பல்வலி தாங்க முடியவில்லை. இந்தத் தடவை இடது தோள் பட்டையும் சேர்ந்து வலித்தது. கைப்பையில் புத்தகங்கள் அதிகம், அதனால் இருக்கும்.

ஓட்டு மெஷினை எப்படிச் சீல் வைப்பது என்று ஒருவர் காட்டிக்கொண்டிருந்தார். நான் தாடையைப் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டுப் பின்வரிசையில் யாரோ, "இப்பவே ஆரம்பிச்சுட்டாங்க" என்றார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. கையைக் கீழே இறக்கிவிட்டேன்.

மார்ச் 24

வேறு டாக்டர். நஸ்ரின் என்று சின்னப் பெண், பழனி ரோட்டில் ஒரு முதல் மாடியில் புதிதாக ஆரம்பித்திருக்கிறாள். ஏறிப் போனதும் வலி. கூப்பிடும்வரை காத்திருந்ததில் போய்விட்டது. டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் வலி இல்லை என்றால் யார்தான் நம்புவார்கள்? "டீச்சர்" என்று மட்டும் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது என்று வீட்டம்மா என்று எழுதிக் கொடுத்தேன். பின்னால் வந்த இவர் வாசலில் நின்றபடி, "டீச்சர் உள்ளதான இருக்காங்க?" என்று கேட்டு வைத்தார்.

தனிப் பல்லின் படத்தில் தெரியாதது முழு வாய்ப் படத்தில் தெரியலாம் என்று, தலையைச் சுற்றி வருகிற எக்ஸ்ரே எடுக்க வேறு ஓர் இடத்துக்கு அனுப்பினாள். அங்கே தோடு, மூக்குத்தி, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். மூக்குத்தி திருகைத் திறக்கவே போராட வேண்டியிருந்தது. தாலிச் சங்கிலியை மட்டும் கழற்ற மனம் வரவில்லை. வாய்க்குத்தானே படம்? ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு, "கழட்டியாச்சு" என்று சொல்லிவிட்டேன். மோவாயை ஒரு முட்டில் வைத்து, ஒரு குச்சியைக் கடித்துக்கொண்டு நிற்க, மெஷின் என் தலையைப் பிரதட்சணம் வந்தது.

மார்ச் 25

கண்டுபிடித்துவிட்டார்கள்! படத்தில் கீழ்த் தாடையில் வெள்ளையாக ஒரு பட்டை, புகை மாதிரி. எனக்கே தெரிந்தது. இதுதான், இதுதான் என்று விரலை வைத்துக் காட்டினேன். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வியாதி என்று தெரிந்து சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நஸ்ரின் உற்றுப் பார்த்தாள். என் கழுத்தைப் பார்த்தாள். "டீச்சர், இந்தச் சங்கிலியக் கழட்டவே இல்லையா நீங்க?"

பிடரியில் கிடந்த தாலிச் சங்கிலியின் நிழல்தானாம் அது. மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று. இந்தத் தடவை கழற்றி இவர் கையில் கொடுத்தேன். அவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல், ஃபியூஸ் கட்டையைப் பிடிப்பது போல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றார்.

புதுப் படத்தில் வாய் முழுவதும் சுத்தம். ஒன்றுமில்லை. நஸ்ரின் படத்தை உறையில் போட்டுக் கொடுத்தாள். அவளுக்கும் தேர்தல் தேதி தெரியும் என்பது அவள் முகத்திலேயே இருந்தது.

மார்ச் 29

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் திருத்தினேன். பல் இருக்கிற இடமே தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வலி இருக்கிறது என்று நானே கட்டிவிடுகிறேனா? டியூட்டிக்குப் போகப் பிடிக்காமல் என் மனதே ஒரு பல்வலியைத் தயார் செய்கிறதா? எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் எல்லாருமா பொய் சொல்வார்கள்?

இவரிடம் கேட்டேன். "நான் நடிக்கிறேன்னு நினைக்கிறீங்களா?"

"சேச்சே" என்றார். பேப்பரை மடித்துக்கொண்டே, "நீயா எதையும் நடிக்க மாட்ட. ஆனா வாய்வு என்னமும் பண்ணும்" என்றார்.

ஏப்ரல் 2

என்ன காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

இரண்டாம் பயிற்சி வகுப்பு. எங்களுக்கு மலைப்பகுதித் தொகுதி. வகுப்பு முடிகிற நேரத்தில் ஓர் அதிகாரி மைக்கைப் பிடித்தார். "வெள்ளைக்கரடுன்னு ஒரு பூத். ஜீப் அடிவாரம் வரைதான் போகும். அதுக்கு மேல மெஷினோட நடந்துதான் ஏறணும். பிரிசைடிங் ஆபீசரா இருந்தவரு மெடிக்கல்ல போயிட்டாரு. யாராவது தானா முன்வந்தா நல்லாருக்கும்." சபையில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அதே பின்வரிசைக் குரல்: "பல்வலி டீச்சரைக் கேளுங்க சார்."

நான் கையைத் தூக்கிவிட்டேன்.

கைதட்டினார்கள். அதிகாரி என் பெயரை எழுதிக்கொண்டார். ஜெசிந்தா என் புடவையைப் பிடித்து இழுத்தது அப்புறம்தான் உறைத்தது. சுள்ளென்று இருந்தது எனக்கு, பெருமையாகவும் இருந்தது. இனி எவளாவது என் பல்லைப் பற்றிப் பேசட்டும்.

வீட்டுக்கு வந்து மாடி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்க வேண்டியிருந்தது. இந்தப் பல்லை வைத்துக்கொண்டு மலை ஏற முடியாது. எக்ஸ்ரே என்ன சொன்னால் என்ன? தேர்தலுக்கு முன்னால் பிடுங்கிவிட வேண்டியதுதான். அப்பா நினைவு வராமல் இல்லை.

ஏப்ரல் 4

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்தது நடந்தபடி.

நஸ்ரினிடம் போய், "பல்லைப் பிடுங்கிரும்மா" என்றேன்.

"நல்ல பல்லு டீச்சர். எப்படிப் பிடுங்குறது?"

"நான்தான் சொல்றேனே, வலிக்குதுன்னு."

"எங்க வலிக்குதுன்னு சொல்றீங்களோ அங்க ஒண்ணுமே இல்ல. படம் பொய் சொல்லாது."

"அப்ப நான் பொய் சொல்றேனா?" குரல் உயர்ந்துவிட்டது. வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "நான் டியூட்டிக்குப் பயந்து வரல. மலை பூத்துக்கு நானாத்தான் பேர் குடுத்திருக்கேன். அதுக்குத்தான் இதைப் பிடுங்கச் சொல்றேன். என் அப்பா பல்லப் பிடுங்கித்தான் செத்தாரு. அது தெரிஞ்சும் வந்து உக்காந்திருக்கேன். பொய் சொல்றவ இப்படியாம்மா வந்து உக்காருவா?"

அவள் கையுறையைக் கழற்றினாள். "அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

சொன்னேன். தாடையைப் பிடித்துக்கொண்டு அவர் திரிந்தது, செல்லப்பா டாக்டர், சைக்கிள், மேடு.

"அவருக்கு வலி எப்ப வரும் டீச்சர்? சாப்பிடும்போதா?"

யோசித்தேன். இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது மேட்டில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். "பல்லு இழுக்குது" என்பார். அவர் உட்கார்ந்து சாப்பிடும்போது வலி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"உங்களுக்கு?"

விரல் விட்டு எண்ணினேன். மொட்டை மாடி, கேன், பேருந்து, பயிற்சி வகுப்பு, இவளுடைய இதே படிகள். எல்லாக் கணக்கையும் தனித்தனியாகப் போட்டுக்கொண்டு, ஒன்றையொன்று பார்க்காமலே இருந்திருக்கிறேன். எதிலும் முறுக்கு இல்லை.

"நீங்க இந்த நாற்காலியவிட்டு எந்திரிக்காதீங்க. ஒரு படிகூட நடக்கக் கூடாது" என்றாள். எனக்கு ஒரு மாத்திரை கொடுத்து மென்று தின்னச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு ஆண்கள் என்னை நாற்காலியோடு கீழே இறக்கினார்கள். பல் டாக்டரிடம் போனவளை இதய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று இவருக்கு யார் புரியவைப்பது? என் கையைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்க, "பல்லுக்கு எதுக்குங்க அங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஏப்ரல் 5

இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. ஏறக்குறைய முழுசாக. நாளைக்கு ஸ்டென்ட் வைக்கிறார்கள். இவர் 'வாய்வு' என்ற வார்த்தையையே மறந்துவிட்டார்.

ஏப்ரல் 9

தலைமையாசிரியை பழத்தோடு வந்தார். என் தலைமாட்டில் இருந்த மானிட்டரை, கள்ள நோட்டா என்று சோதிப்பவர் போல நெடுநேரம் பார்த்தார். "நெஜமாவே ஹார்ட்தானா டீச்சர்?" பள்ளியில் எல்லாரும் பேசிக்கொள்கிறார்களாம், மலை ஏறப் பயந்து மரகதம் டீச்சர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள் என்று. பல்லில் ஆரம்பித்து நெஞ்சுவரை போய்விட்டாளாம். சிரித்தேன். சிரித்தால், ஸ்டென்ட் வைக்கத் தொடையில் குத்திய இடத்தில் வலிக்கிறது.

நஸ்ரின் தினமும் போன் செய்கிறாள். "நானும் உங்களச் சந்தேகப்பட்டேன் டீச்சர்" என்றாள். தெரியும் என்றேன்.

ஏப்ரல் 19

வீட்டில் இருக்கிறேன். தேர்தல் நேற்று முடிந்தது. எனக்குப் பதிலாக வெள்ளைக்கரட்டுக்குப் போனது ஜெசிந்தா. இன்று காலையில் பேசினாள். "செங்குத்தா இருக்குக்கா. நானே மூச்சு வாங்கி மூணு எடத்துல உக்காந்துட்டேன். நீங்க போயிருந்தா..." என்று நிறுத்திவிட்டாள்.

ஏப்ரல் 23

மூன்று எக்ஸ்ரேக்களையும் மேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாலிச் சங்கிலி நிழலைத் தள்ளிவிட்டால் மூன்றும் ஒரே விடையைத்தான் எழுதியிருந்தன. பல்லில் ஒன்றுமில்லை. முதல் நாளே சரியான விடை. நான்தான் தவறு போட்டுத் தவறு போட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். வேறு இடத்தில் தேடு என்று அந்தப் படங்கள் சொன்னது எனக்கும் கேட்கவில்லை, டாக்டர்களுக்கும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு அப்படி ஒரு படம் எடுத்திருந்தால் இதே பதில்தான் வந்திருக்கும். அப்பாவைப் பல் கொல்லவில்லை. செல்லப்பா டாக்டரும் கொல்லவில்லை.

ஏப்ரல் 27

செல்லப்பா டாக்டர் உயிரோடுதான் இருக்கிறார். வேடசந்தூரில், மகள் வீட்டில். இவர் பழைய லைன்மேன்களைப் பிடித்து நம்பர் வாங்கிவிட்டார். அண்ணனிடம் முதலில் கேட்டுக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அவன் வேண்டாம் என்றுதான் சொல்வான். கேட்கவில்லை.

மகள் எடுத்து அவரிடம் கொடுத்தாள். நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"வாத்தியார் மகளா?" என்றார். குரல் மெலிந்திருந்தது. "இவ்வளவு வருஷம் கழிச்சு என்னம்மா? கேட்க வேண்டியதக் கேளு."

"நான் எதுவும் கேட்க வரல டாக்டர்."

"அந்தப் பல்லு நல்ல பல்லும்மா. பிடுங்கிக் கையில வெச்சுப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. சொத்தையே இல்ல. அவரு வலிக்குது, பிடுங்குங்கன்னு கெஞ்சினாரு, பிடுங்கிட்டேன். நல்ல பல்லப் பிடுங்கி ஒரு மனுசனக் கொன்னுட்டேன். உங்க அண்ணன் போர்டை உடைச்சப்ப, உடைக்கட்டும்னு உள்ளயே நின்னேன். அதுக்கப்புறம் நான் ஒரு பல்லும் பிடுங்கல. எங்க மாமனாரு கடையில உக்காந்துட்டேன்."

ஊர் சொன்னதை நாங்கள் மட்டும் நம்பவில்லை, டாக்டரும் நம்பியிருக்கிறார். எனக்கு வந்த வலியை, படிகளை, ஆஸ்பத்திரியை, எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவுக்கும் அதேதான் டாக்டர், நெஞ்சில் இருந்தது தாடையில் வலித்திருக்கிறது, உங்கள் கை படாவிட்டாலும் அன்றைக்கு அந்த மேட்டில் அவர் விழுந்திருப்பார் என்றேன்.

"எந்தப் பல்லும்மா உனக்கு?"

"இடது பக்கம், கீழ்க் கடைவாய்."

"அவருக்கும் அதேதான்" என்றார். பிறகு பதறிப்போய், "உனக்குப் பிடுங்கலையே?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். எக்ஸ்ரே எடுத்தாங்க."

"எடுத்தாங்களா? அதுல என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணுமே இல்ல டாக்டர்."

மறுபக்கம் அவர் அழுகிற சத்தம் கேட்டது. மகள் ஓடி வந்து, "என்னப்பா, யாருப்பா அது, என்ன சொன்னாங்க?" என்று கேட்பதும் கேட்டது.

"ஒண்ணுமே இல்லையாம்மா" என்று அவளிடம் சொன்னார். "பல்லுல ஒண்ணுமே இல்லையாம்."